ரோஜா நிற வானமும் நம் மொட்டைமாடியும்

நம் வாட்ஸ்அப் குழுமங்களில் மீண்டும் மீண்டும் வலம்வரும் படம் ஒன்று உண்டு. செந்நிற ரோஜாவைப் போன்ற ஒரு விண்பொருள். அதன் கீழே சூரா அர்ரஹ்மானின் 37ஆம் வசனம். இது இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்றொரு குறிப்பு. அவ்வசனம் பேசுவது வானம் பிளக்கும் கியாமத் நாளைப் பற்றி. படத்தில் இருப்பதோ பூனைக்கண் நெபுலா. மூவாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், முதுமையடைந்த ஒரு விண்மீன் உதறிய வாயு முகில். ஹபிள் தொலைநோக்கி 1994இல் அதனைப் படமெடுத்தது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்று வாயுக்களின் ஒளியைத் தனித்தனியே பதிந்து, பிரித்தறிவதற்காகச் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று வண்ணங்களை விஞ்ஞானிகளே சூட்டினார்கள். உண்மையில் அம்மூன்று ஒளிகளும் சிவப்பைச் சார்ந்தவையே. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. விளக்கத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பரப்பியவர்கள் நம்மவர்கள்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, அல்லாஹ்வின் வேதத்திற்கே இத்தகைய சான்றுகளைத் தேடுவது எவ்வளவு பெரிய அவலம்! பிற்பாடு பள்ளிக்கூடத்தில் உண்மை தெரியவரும்போது, பிள்ளையின் மனத்தில் ஆட்டம் காண்பது படம் மட்டுமன்று.

இதற்கு நான் காணும் மருந்து எளியது. நம் பிள்ளைகள் ஒரு நெபுலாவைத் தம் கையாலேயே படமெடுக்கட்டும்.

அதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்னும் அமெரிக்கர், ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். 11 அங்குலத் தொலைநோக்கியை 51 நிமிடங்கள் இம்மியும் பிசகாது அதை நோக்கியே நகர்த்தினார். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தொலைநோக்கி உடன் நகராவிட்டால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். இன்று அத்துணைத் துல்லியமான தாங்கி வேண்டியதில்லை. 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும், வானத்தைத் தொடரும் சாதாரண மோட்டார் தாங்கியும், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் போதும். பத்துப் பத்து விநாடிகளாக இருநூறு படங்கள் எடுத்தால், அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒளி சேர்ந்துவிடும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். நூறு படங்களை அடுக்கினால், ஒற்றைப் படத்தில் காணும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தொலைநோக்கியே இல்லாதவர், 50 மில்லிமீட்டர் லென்ஸை முக்காலியில் வைத்து ஐந்து விநாடிப் படங்களை அடுக்கிப் பார்க்கலாம். சிறிய செம்புகையாகவேனும் அது தெரியும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் எத்தனையோ தந்தையரின் பெட்டியில் அந்தக் கேமரா ஏற்கெனவே இருக்கிறது.

படங்களை அடுக்குவதும் ஒரு பொய்தானே என்று கேட்பீர்கள். அன்று. இருநூறு படங்களிலும் இருப்பது வானிலிருந்து வந்த ஒளியே. கூட்டிச் சேர்த்திருக்கிறோம், அவ்வளவே. கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும் முகில், கேமராவில் செந்நிறமாக வருவது ஏனென்று அந்தப் பிள்ளை காரணம் சொல்லும். காணாததை வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைத்தான் விலக்க வேண்டும்.

இந்த நேர்மை நம் முன்னோருக்குப் புதிதன்று. இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஏறத்தாழ 964இல் எழுதிய விண்மீன் நூலில், ஆண்ட்ரோமெடா பகுதியில் ஒரு சிறு மேகம் தெரிவதாகக் குறித்தார். தொலைநோக்கி பிறக்க இன்னும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. அது 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்பது அவருக்குத் தெரியாது. கண்டதைக் கண்டவாறு எழுதினார். மேலே எதையும் கூட்டவில்லை.

பிறை வரும்போது மட்டும் வானத்தை நினைத்து, தலைப்பிறையைப் பற்றி இரண்டு நாள் வாதிட்டுவிட்டு, எஞ்சிய மாதமெல்லாம் அண்ணாந்தே பாராத சமூகமாகிவிட்டோம். வாதிடுவோரில் எத்தனை பேருக்குப் பிறை எத்திசையில், எந்த உயரத்தில் நிற்குமென்று தெரியும்?

பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளின் ஒளியும் தூசியும் அடிவானத்தை வெளிறச் செய்தாலும், வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் ஊரைத் தாண்டி வயல்வெளிக்குச் சென்றால் சென்னை காணாத இருள் இன்னும் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் இஷாவுக்குப் பின் ஓரியன் நன்கு உயர்ந்து நிற்கும். நாம் திருவாதிரை என்றும், அரபு வழியே உலகம் பீட்டல்ஜூஸ் என்றும் அழைக்கும் செம்மீன் அங்கேதான் உள்ளது. அதற்குத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் கீழே, மங்கலான புள்ளியாகத் தெரிவதுதான் அந்த நெபுலா. அதன் ஒளி புறப்பட்டு 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஸஹாபாக்களை நேரில் கண்ட தாபிஈன்கள் வாழ்ந்த காலம் அது. பிள்ளையின் கேமராவில் அன்றிரவு விழுவது அந்த ஒளி.

மதரஸா விடுமுறை நாளொன்றில் இதனைப் பள்ளிவாசல் மாடியிலேயே நடத்தலாம், இன்ஷா அல்லாஹ். மினாராவின் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைக்க முத்தவல்லி இசைய வேண்டும், அவ்வளவே.