தாழ்திறனா, ஆழ்திறனா?

கற்றலில் பின்தங்கிய சிறுவனை நாயகனாக்கி நகைச்சுவைக் கதை எழுதலாமா என்றால் நம் இலக்கிய நண்பர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். அக்குழந்தைக்கு உரியது கண்ணீர், சிரிப்பு குரூரம் என்பது அவர்கள் தரப்பு. கருணைபோல் ஒலிக்கும் இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம். நம் சான்று, ஆண்ட்ரியாஸ் ஷ்டைன்ஹோஃபல் ஜெர்மன் மொழியில் 2008இல் எழுதி, மறு ஆண்டே ஜெர்மன் இளையோர் இலக்கிய விருது பெற்ற ரிக்கோ, ஆஸ்கர் வரிசையின் முதல் நாவல்.

பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தாயுடன் வாழ்கிறான் ரிக்கோ. இடம் வலம் பிடிபடாது. தெரு திரும்பினால் வழி தவறிவிடுவான். பதற்றத்தில் தலைக்குள் பிங்கோ உருண்டைகள் உருளத் தொடங்கும். நடைபாதையில் கிடந்த ஒற்றைப் பாஸ்தா துண்டு யாருடையது என்று வீடுவீடாய்த் துப்பறிகிறான். அண்டை வீட்டார் ஒருவர் அத்தடயத்தையே வாயில் போட்டுத் தின்றுவிடுகிறார்!

சிரிக்கிறோம். ஆனால் யார் சிரிக்க வைப்பது? ஆசிரியர் விடுமுறைக்குப் பணித்த நாட்குறிப்பாக, கதை முழுவதையும் ரிக்கோவே சொல்கிறான். கடினமான சொல் எதிர்ப்பட்டால் கதையை நிறுத்தி, கட்டம் கட்டி, தனக்கு விளங்கியபடி பொருள் எழுதுகிறான். அங்கே நாம் நகைப்பது அவனை அன்று. தெரிந்ததுபோல் நாம் புழங்கிவரும் சொல்லை. கேலியின் கடிவாளம் அவன் கையில் இருக்கிறது. இரக்கக் கதைகள் பறித்துக்கொள்வது இந்தக் கடிவாளத்தைத்தான். அவற்றில் குழந்தை அழும், அல்லது பிறர் அதற்காக அழுவார்கள். பேசாது.

2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தை நாமும் கலங்கிய கண்களோடுதான் பார்த்தோம். எழுத்துகள் குழம்பும் அச்சிறுவனை உலகம் ஏற்க, ஐன்ஸ்டைனும் டாவின்சியும் சாட்சிக்கு வரவேண்டியிருந்தது. ஓவியப் போட்டியில் வெற்றியும் வேண்டியிருந்தது. ஓவியம் வராத பிள்ளை எங்கே போவான்? ரிக்கோவும் கடத்தல்காரனைப் பிடிக்க உதவுகிறானே என்பீர்கள். உண்மை. ஆனால் அதனால் அவன் மேதையாகிவிடவில்லை. வழி தவறுபவனாகவே தொடர்கிறான். மேதை அவன் நண்பன் ஆஸ்கர். விபத்துக்கு அஞ்சித் தலைக்கவசத்தோடு திரிகிறான், பாவம்.

ஜெர்மனில் மீத்திறன் குழந்தையை 'ஹோக்பெகாப்ட்' என்பர். 'ஹோக்' என்றால் உயரம். ரிக்கோ தன்னை 'டீஃப்பெகாப்ட்' என்கிறான். 'டீஃப்' தாழ்வையும் குறிக்கும், ஆழத்தையும் குறிக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு மேதையைக் குறிக்கும் 'ப்ராடிஜி'யைத் திரித்து 'ப்ராடிட்டி' ஆக்கியது. வேடிக்கை தப்பியது, ஆழம் போயிற்று. பள்ளிக் கோப்புகளின் 'மெல்லக் கற்போர்' இங்கே உதவாது, அது பிறர் ஒட்டிய சீட்டு. தமிழாக்க முனைவோரிடம் நம் வேண்டுகோள்: 'தாழ்திறன்' என்று எழுதுங்கள். அதிலிருந்து தகர மெய்யை மட்டும் ரிக்கோவே அடித்துவிடட்டும்.