எந்தக் கந்தசாமி?

அன்னூர்ச் சந்தையில் நின்றுகொண்டு, "கந்தசாமீ!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இதற்காக எங்கள் பக்கத்து ஜனங்கள் திண்டாடியதே இல்லை. மேக்காலத் தோட்டத்துக் கந்தசாமி, கிணத்துமேட்டுக் கந்தசாமி, செக்குக்காரர் மகன் கந்தசாமி என்று ஆளுக்கோர் அடையாளம் வைத்துவிடுவார்கள். அதில் ஒரு நாகரிகமும் உண்டு. இரண்டு கந்தசாமிகளுக்குள் வரப்புத் தகராறு இருந்தாலும், ஒருவரை 'அசல் கந்தசாமி' என்றும் மற்றவரைப் 'போட்டிக் கந்தசாமி' என்றும் ஊர் அழைப்பதில்லை. தோட்டத்தைச் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது.

பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த இந்த நியாயம், கலைக்களஞ்சியம் தொகுக்கிற அறிஞர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் வாசிக்கிறவள், தான் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். தமிழ் மாநிலக் காங்கிரஸ் 1996இல் தொடங்கி இன்றுவரை இடையறாது இயங்கிவருகிறது என்று எழுதியிருந்தாள்.

"ஏங் கண்ணு, நடுவாலே கொஞ்ச காலம் அந்தக் கட்சியே இல்லையே?" என்றேன்.

"புஸ்தகத்துல ஒரே தலைப்புலதானுங்க மாமா போட்டிருக்குது" என்றாள்.

அவள்மேல் என்ன குற்றம்? 1996இல் ஜி. கே. மூப்பனார் தொடங்கிய கட்சி, அவர் காலமான மறு வருஷம், 2002இல், காங்கிரஸோடு இணைந்துவிட்டது. 2014இல் அவர் மகன் ஜி. கே. வாசன் அதே பெயரில் மறுபடியும் கட்சி தொடங்கினார். இடையில் பன்னிரண்டு வருஷம் அப்படி ஒரு கட்சி இல்லை. இரண்டும் ஒன்றே என்று கட்சிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை. கலைக்களஞ்சியமும் அதையே சொல்லலாமா? அடைப்புக்குறிக்குள் 'மூப்பனார்' என்று சேர்த்தால் தீர்ந்தது என்பீர்கள். தீராது ஐயா! தேர்தல் கமிஷன் ஏடுகளில் பழைய கட்சிக்கும் அதே அடைப்புக்குறிதான், புதிய கட்சிக்கும் அதே அடைப்புக்குறிதான். ஆண்டு ஒன்றுதான் இங்கே அடையாளம். ஒன்றுக்கு 1996-2002 என்றும் மற்றதற்கு 2014 என்றும் தலைப்பிலேயே போட்டுவிட்டால் ஆயிற்று.

அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவருக்கு எழுதிக் கேட்டேன். "தலைப்பு வெறும் வாசல்தானே, உள்ளே போனால் எல்லாம் விளங்கிவிடும்" என்று பதில் வந்தது. தப்பான வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டபின் உள்ளே என்ன விளங்கும்? கதைப் புத்தகத்தைப் போலக் கலைக்களஞ்சியத்தை முதலிலிருந்து யாரும் படிப்பதில்லை. தலைப்பைத் தேடித்தான் வருகிறார்கள்.

எங்கள் கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராயிருந்து, தமிழ்க் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். மறு வருஷமே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. இரு தரப்பும் தாங்களே காங்கிரஸ் என்றார்கள். தெருவில் 'சிண்டிகேட்', 'இண்டிகேட்' என்று ஏசிக்கொண்டார்கள். 1971இல் தேர்தல் கமிஷன் இந்திரா காந்தியின் தரப்பையே காங்கிரஸ் என்று ஏற்றது; உச்சநீதிமன்றமும் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது. கமிஷனுக்கு அது தவிர்க்க முடியாத வேலை. ஒரு சின்னத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாதல்லவா? ஆனால் கலைக்களஞ்சியத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. அதன் பக்கங்களில் இருவருக்கும் இடமுண்டு. காமராஜர் இருந்த கட்சியை 'ஸ்தாபன காங்கிரஸ்' என்றால் அது அடையாளம். 'ஓடிப்போன காங்கிரஸ்' என்றால் அது மேடைப்பேச்சு.

கம்யூனிஸ்டுகள் கதையும் இதுதான். 1964இல் பிரிந்தபின் 'வலது', 'இடது' என்று நாம் சுலபமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். 'வலது' என்பது அந்தக் கட்சி தனக்கு வைத்துக்கொண்ட பெயரா? இல்லை, பிறர் ஒட்டிய பட்டம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்) என்று அவரவர் வைத்துக்கொண்ட பெயரே தெளிவாயிருக்கும்போது பட்டம் எதற்கு?

நீதிக்கட்சி என்றால் சென்னைதானே, அதற்கெதற்கு விளக்கம் என்றும் ஒரு வாதம் உண்டு. 1916இல் தென்னிந்திய நலவுரிமைச் சங்கமாகத் தோன்றிய நம் நீதிக்கட்சி, 1944இல் திராவிடர் கழகமாயிற்று. துருக்கியிலும் 1961இல் ஒரு நீதிக்கட்சி தோன்றி, 1965 தேர்தலில் வென்று நாட்டை ஆண்டது. உலக சரித்திரம் வாசிக்கிற அன்னூர்ப் பிள்ளைக்கு அதுவும் வேண்டும். இங்கே ஊர்ப் பெயர் போதும்: சென்னை மாகாணம், துருக்கி.

நாடு வேறானால் நாடு, காலம் வேறானால் ஆண்டு, இரண்டும் ஒன்றானால் அவரவர் சூட்டிக்கொண்ட பெயர். இவ்வளவுதான் நான் கேட்பது. தலைப்பு நீண்டுவிடுகிறதே, அழகு கெடுகிறதே என்கிறார்கள். நீளட்டுமே! அழகுக்காக உண்மையைக் கத்தரிக்க இது கல்யாணப் பத்திரிகையல்ல.

எங்கள் ஊரில் ஒருவன் ஓடிவந்து, "கந்தசாமி போயிட்டாருங்க" என்றால், "எந்தக் கந்தசாமிங்க?" என்றுதான் முதலில் கேட்போம். கேட்காமல் அழுதுகொண்டே கிளம்பினால், உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் கழுத்தில் போய் மாலையைப் போட்டுவிடுவோம்.