பங்குனியில் ஒரு சொல், ஆடியில் ஒரு செயல்

நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதும், பேசியதற்கு மாறாக நடப்பதும் நாட்டுக்குப் புதியவை அல்ல. “படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்” என்று நம் பாட்டன்மார் சொல்லி வைத்ததே அதற்குச் சான்று. செய்தித்தாளைப் புரட்டுவோர் “அவர்கள் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றனர். அவர்கள் ஏன் அப்படி, அதை நாம் எப்படி அளப்பது என்று யாரும் கேட்பதில்லை. மாணவர்களாகிய நாமாவது கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரைப் பற்றி நம் கல்லூரியில் பலருக்கும் தெரிந்தது வெள்ளாற்று அணைக்கட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும்தான். தெற்கே வீராணம் ஏரி. அந்த ஏரித் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகவே சென்னைக்குப் போகிறது. வடமேற்கே நெய்வேலிச் சுரங்கம். ஒரு பக்கம் நெல்லும் கரும்பும், மறு பக்கம் பழுப்பு நிலக்கரி. நாட்டுக்குச் சோறும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்ற வழக்கு எங்கள் ஊரில்தான் வந்து முட்டிக்கொள்கிறது. ஆகவே தலைவர்களின் சொல்லையும் செயலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டிய தேவை எனக்கு இல்லை. 2023ஆம் ஆண்டின் நான்கு திங்கள் நிகழ்ச்சிகளே போதும்.

பங்குனியில் நடந்தது

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் நாடெங்கும் 101 நிலக்கரி வட்டாரங்களை ஏலம் விடுவதாக அறிவித்தது. அவற்றில் மூன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. தஞ்சை மாவட்டத்து வடசேரி ஒன்று. அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஒன்று. மூன்றாவது சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி. எங்கள் ஊரின் பெயர் இந்தியா முழுவதும் படிக்கப்பட்டது அப்போதுதான்!

மாநில அரசைக் கலந்து கொள்ளாமல் வந்த அறிவிப்பு அது. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஏப்ரல் 4ஆம் நாள் தலைமை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில், தாமும் டெல்டாக்காரர்தாம் என்றும், இத்திட்டத்துக்கு ஒருபோதும் இசைவு தரமாட்டோம் என்றும் உறுதி கூறினார். எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. ஏப்ரல் 8ஆம் நாள், அன்று ஒன்றிய நிலக்கரி அமைச்சராக இருந்த பிரல்ஹாத் ஜோஷி, மூன்று வட்டாரங்களையும் ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். ஏலம் அறிவித்த அரசும் அதுவே. பத்து நாளில் விலக்கிக் கொண்டு நன்றியை எதிர்பார்த்த அரசும் அதுவே. எந்த ஆய்வைக் கொண்டு சேர்த்தார்கள், எந்த ஆய்வைக் கொண்டு நீக்கினார்கள் என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. ஆயினும் எங்கள் ஊர் மக்கள் நிம்மதியாக மூச்சுவிட்டனர்.

ஆடியில் நடந்தது

அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள். சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி வயல்களில் மண் வாரும் எந்திரங்கள் இறங்கின. நெய்வேலி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை. ஏறத்தாழ 12 கிலோமீட்டர்க் கால்வாயில் மீதி இருந்தது ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் பச்சைப் பயிராக நின்றது நெல். பெரும் காவல் படையின் பாதுகாப்போடு பயிருக்கு மேல் எந்திரங்கள் ஓடின. காவல் துறை மாநில அரசுடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கையை 2021இல் முதன்முதலாகப் படைத்த அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் எங்கள் மாவட்டத்தவர் என்பதையும் நினைவில் கொள்க.

இதற்கு அரசும் நிறுவனமும் சொன்ன காரணங்களைச் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். அந்நிலங்கள் 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளிலேயே கையகப்படுத்தப்பட்டவை, இழப்பீடு தரப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்பே அறிவிக்கப்பட்டது, மழைக் காலத்துக்கு முன் ஆறு திருப்பப்படாவிட்டால் சுரங்கத்துக்கு இடர், சுரங்கம் நின்றால் மின்சாரம் நிற்கும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். ஆகவே தண்ணீர் அங்கே எப்போதும் கண்டிப்பான எதிரி. இவற்றை நான் மறுக்கவில்லை. நிலம் கொடுத்தவர்களின் தரப்பிலோ, இழப்பீடு ஆளுக்கொரு விதமாக இருந்தது, வேலைவாய்ப்பு உறுதி நிறைவேறவில்லை என்ற குறைகள் நெடுங்காலமாக உண்டு.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அறுவடை வரை இரண்டு திங்கள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி கேட்டார். பயிர் அழிக்கப்பட்டதைப் பார்த்துத் தமக்கு அழுகை வந்தது என்றும் சொன்னார். பின்னர், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர வேண்டும் என்றும், எஞ்சிய பயிரை உழவர்கள் செப்டம்பர் 15க்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. நீதிமன்றம் கண்டுபிடித்த இந்த நடுவழியை ஆட்சியாளர் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஏன்?

ஏப்ரல் வேறு, ஜூலை வேறு என்பார்கள். ஏப்ரலில் பேசியது புதிய சுரங்கத்தைப் பற்றி. ஜூலையில் நடந்தது பழைய சுரங்கத்தின் விரிவாக்கம். சட்டப்படி இது சரியே. ஆனால் அந்த வேறுபாட்டை ஏப்ரலிலேயே அவையில் எடுத்துச் சொல்லியிருக்கலாமே! “புதிய சுரங்கத்தை எதிர்க்கிறோம், பழைய சுரங்கம் விரிவதற்கு உடன்படுகிறோம், அந்த நிலத்தில் நிற்கும் பயிருக்கு இன்னது செய்வோம்” என்று சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும், நம்பிக்கை குறைந்திருக்காது. மேடையில் சொன்ன சொல் டெல்டா முழுவதையும் போர்த்தியது. கோப்பில் இருந்த முடிவோ சில வட்டாரங்களை மட்டுமே போர்த்தியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது வளையமாதேவி.

ஒரு கட்சியின் குறை மட்டுமா?

இதைப் படித்துவிட்டு நான் ஒரு கட்சியைச் சாடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டது தி.மு.க. அரசு, எதிர்க்கட்சியானபின் அத்திட்டத்தை எதிர்த்ததும் தி.மு.க.தான். கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் எண்ணெய்க் குழாய் கசிவை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது தடியடி நடந்ததும், தலைவர்கள் சிறை சென்றதும் அ.தி.மு.க. ஆட்சியில். அதே ஆட்சிதான் 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டமே. எங்கள் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஒன்றியங்களும் அதில் அடங்கும். ஆனால் முன்பே நடந்துவரும் திட்டங்களை அச்சட்டம் தொடாது என்ற விதியும் அதற்குள்ளேயே உள்ளது. விழா மேடைகளில் பேசப்பட்டது சட்டத்தின் பெயர். இந்த விதியைப் பேசியவர் அரியர்.

பாட்டாளி மக்கள் கட்சி 2023 ஜனவரியில் நெய்வேலி நிறுவனம் மாவட்டத்தை விட்டே வெளியேற வேண்டும் என்று நடைப்பயணம் போனது. ஜூலையில் நெய்வேலியில் அது நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்தது. அடுத்த ஆண்டே, நாடாளுமன்றத் தேர்தலில், அந்நிறுவனத்துக்கு உரிமையாளரான ஒன்றிய அரசை நடத்திய கட்சியோடு கூட்டணி கண்டது. வெளியேற்றும் கோரிக்கை கூட்டணிப் பேச்சில் எங்கே வைக்கப்பட்டது என்று எங்கள் பகுதி வாக்காளர் கேட்டால் அது தவறாகுமா?

இந்தப் பழக்கம் டெல்லிக்கும் பொது. 2006இல் நெய்வேலி நிறுவனப் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. அந்த அமைச்சரவையில் இடம் பெற்றிருந்த தி.மு.க., ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்று எச்சரித்தது. உடனே எல்லாப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார் மன்மோகன் சிங். அமைச்சரவையின் முடிவு கூட்டுப் பொறுப்பு என்பது அரசியல் அறிவியல் வகுப்பில் நாம் படிக்கும் பாடம். அந்தக் கூட்டுப் பொறுப்பு இங்கே என்ன ஆனது?

சொல்லும் செயலும் ஒத்துப்போன நேரமும் உண்டு. 2013இல் மீண்டும் விற்பனைப் பேச்சு எழுந்தபோது, விற்றே தீர வேண்டுமானால் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. அவ்வாறே 3.56 விழுக்காட்டுப் பங்குகளை மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் ஐந்து வாங்கின. எதிர்ப்பும் இருந்தது, மாற்று வழியும் இருந்தது. விரும்பினால் இப்படியும் செய்ய முடியும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மாறுவது குற்றமா?

தலைவர் ஒருவர் கருத்து மாறவே கூடாது என்பது என் வாதம் அன்று. மாறாதது கல். இராஜாஜியை எண்ணிப் பாருங்கள். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். இருபது ஆண்டுகள் கழித்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. அவருடைய முதல் முடிவை ஏற்காதவர் உண்டு. இரண்டாம் முடிவை ஏற்காதவரும் உண்டு. ஆனால் தாம் ஏன் எதிர்க்கிறோம் என்பதைப் பத்திரிகையில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். எதிர்ப்பவர் மறுத்து எழுத இடம் இருந்தது. அது மாற்றம், மக்கள் மன்றத்தில் கணக்குக் காட்டப்பட்ட மாற்றம்.

ஆகவே நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. கருத்து மாறுவது குற்றமன்று. மாறியதற்குக் காரணம் சொல்லாமல் மாறாதவர்போல் நடப்பதே குற்றம். எதிர்க்கட்சி இருக்கையில் இருக்கும்போது ஒரு சொல், ஆளும் இருக்கையில் ஒரு செயல் என்றால், அங்கே மாறியது நாற்காலிதான். கொள்கை என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. மேடை வாக்கைத் தேடுகிறது. கோப்பு வருவாயைத் தேடுகிறது. கூட்டணி தொகுதியைத் தேடுகிறது. மூன்றும் ஒரே மனிதரின் வாயில் வரும்போது நமக்குப் புதிராகத் தெரிகிறது.

இதில் நம் பங்கு என்ன? மக்களின் மறதியை நம்பித்தான் முரண்பாடு வாழ்கிறது. வயலை இழந்தவனுக்கு மறதி வராது. மற்றவர்க்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். பதினெட்டு வயதில் வாக்குரிமை பெற்றவர்கள் நாம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தனிக் கோப்பு வைத்து, நம் மாவட்டத்துச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொன்னதை நாள் குறித்து ஒரு பக்கத்திலும், செய்ததை நாள் குறித்து எதிர்ப் பக்கத்திலும் ஒட்டி வைத்தால் என்ன? கட்சி பாராமல் எல்லாருக்கும் ஒரே கோப்பு. அரசியல் அறிவியல் துறைப் பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் வசைபாட வேண்டாம். கைகட்டி நிற்கவும் வேண்டாம். “ஐயா, பங்குனியில் இப்படிச் சொன்னீர்கள், ஆடியில் இப்படி நடந்தது, இடையில் என்ன காரணம்?” என்று மரியாதையோடு கேட்டால் போதும். பதில் சொல்லத் தெரிந்தவர் தலைவர். பதில் இல்லாதவர் யார் என்பதை வாக்குச்சாவடியில் நாம் முடிவு செய்துகொள்ளலாம்.