பொருளும் பூர்வீகமும்: சுவேகா வண்டியின் குலமுறை



நம் வீடுகளில் பழகிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்து எவ்வழியாக நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது என்பதை ஆராய்வது இப்பகுதியின் வழக்கம். இத்திங்களில் நாம் எடுத்துக்கொள்வது, சித்தூரிலும் திருப்பதியிலும் பல வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் சாக்குப்பை போர்த்திய நிலையில் இன்றும் உறங்கிக்கொண்டிருக்கும் சிறிய மோட்டார் வண்டி. பார்த்தால் சைக்கிள், மிதித்தால் மோட்டார். மொபெட் என்று நாம் வழங்கும் வகையைச் சேர்ந்த இதன் பெயர் சுவேகா.

இளையோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்தச் சுவேகா நம் திருப்பதியிலேயே உருவான வண்டி. மோபெட்ஸ் இந்தியா என்னும் நிறுவனம் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து இவ்வூரில் இதனைச் செய்து நாடெங்கும் அனுப்பிற்று. வேங்கடவனைத் தரிசிக்க வருவோர் அன்றி, வண்டி வாங்கிச் செல்வோரும் இவ்வூர்ப் பெயரை அறிந்திருந்த காலம் அது. ‘நல்ல வேகம்’ என்று பொருள்படும் வடமொழிப் பெயரையே அதற்குச் சூட்டினர்.

பெயர் வடமொழி, ஊர் திருப்பதி. ஆனால் வடிவமோ பிரான்சு தேசத்தது. அந்நாட்டு மோட்டோபெகான் கம்பெனி 1923-ஆம் ஆண்டு பாரிஸ் நகரை அடுத்த பாந்தன் என்னும் ஊரில் தோன்றியது. அது 1949-இல் மோபிலெட் என்னும் எளிய வண்டியை வெளியிட்டது. யுத்தத்தால் நலிந்த மக்களுக்குக் குறைந்த விலையில் ஒரு வாகனம் தேவைப்பட்ட காலம். தொழிலாளியும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் அதனை விரும்பி வாங்கினர். 1997-இல் உற்பத்தி நிற்கும் வரையில் ஒரு கோடியே நாற்பது லட்சத்திற்கு மேற்பட்ட மோபிலெட்டுகள் செய்யப்பட்டன என்று கணக்கிடுகின்றனர். அவ்வடிவத்தை உரிமம் பெற்றுச் செய்ததே நம் சுவேகா.

அதன் இயக்கம் எளியது. ஐம்பது சி.சி.க்கு உட்பட்ட சிறு எஞ்சின். பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். எஞ்சினின் சுழற்சியை ஒரு பெல்ட் வாங்கி, மிதிகட்டைக்கு அருகிலுள்ள பெரிய சக்கரத்திற்குத் தருகிறது. அங்கிருந்து ஒரு சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெட்ரோல் தீர்ந்தாலும் எஞ்சினின் பிணைப்பை விடுவித்துவிட்டுச் சைக்கிளைப்போல் மிதித்துக்கொண்டே வீடு சேரலாம். மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்திற்கு இது சிறு வசதியன்று!

ஒரே குழந்தைக்குப் பல ஊர்களில் பல பெயர் வழங்குவதுபோல, இவ்வடிவத்திற்கும் பல பெயர்கள் உண்டாயின. இங்கிலாந்தில் ராலே கம்பெனியார் 1960-களில் இதனை ரன்அபவுட் என்று விற்றனர். ஸ்பெயின் நாட்டில் ஐபார் நகரிலும் இது செய்யப்பட்டது. வேறொருவர் உறுப்பைக்கொண்டு தம் பெயரில் வண்டி விற்கும் வழக்கம் இதற்கும் முந்தியது. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரின் மால்வெர்ன் பகுதியில் 1902-இல் ஒரு சைக்கிள் கடையாகத் தொடங்கிய மால்வெர்ன் ஸ்டார், பிற்காலத்தில் மோட்டார் பொருத்திய சைக்கிளையும் தன் பெயரில் விற்றது. அதனுள் இருந்ததோ இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரத்து வில்லியர்ஸ் எஞ்சின். இத்தகைய ஆஸ்திரேலியப் பெயர்கொண்ட பழைய சிறு வண்டி ஒன்று இன்று கைக்குக் கிடைத்தால், எப்பகுதி எந்நாட்டில் பிறந்தது என்று பிரித்தறிவதே பெரும் ஆராய்ச்சியாகிவிடுகிறது. நம் நாட்டிலும் ராஜ்தூத் வண்டிக்குத் தாயகம் போலந்து. மைசூர் ஜாவாவுக்குச் செக்கோஸ்லோவாக்கியா. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டுக்கு இங்கிலாந்து.

ஆகவே தொட்டியின்மேல் எழுதியுள்ள பெயரை மட்டும் நம்பி ஒரு வண்டியின் குலத்தை முடிவு செய்யலாகாது. பெயர் எளிதில் மாறும். வண்ணம் பூசுபவர் தம் விருப்பப்படி ஒட்டுத்தாளை ஒட்டுவார். கார்பரேட்டர், மேக்னெட்டோ முதலியவற்றில் உள்ள பெயர்கள் அவ்வுறுப்பைச் செய்தவரையே குறிக்கும். அவையும் பழுதுற்றபோது மாற்றப்பட்டிருக்கலாம். எஞ்சின் மீது பொறித்துள்ள எண், சட்டத்தின் மீது பொறித்துள்ள எண், கம்பெனியின் தகடு, பதிவுப் புத்தகம் ஆகிய நான்கு சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்க வேண்டும். ஒரு சாட்சி பிறழ்ந்தாலும் மற்ற மூன்றும் உண்மையை உரைக்கும்.

சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பம் ஒன்றில் இத்தகைய விசாரணை நிகழ்ந்தது. கணவரை இழந்த முதிய அம்மையார் ஒருவர் வீட்டிலிருந்த வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட ஏற்பாடாகியிருந்தது. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், சென்னையிலுள்ள மகன் வீட்டுக்கு அதனை அனுப்ப என்ன செலவாகும் என்றும் என்னைக் கேட்டனர். பார்சலில் வண்டி அனுப்பத் தொட்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருத்தல் கூடாது. பதிவுப் புத்தகத்தின் நகலும் வேண்டும். ஆகவே புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன்.

தொட்டியின்மேல் இருந்த பெயர் டி.வி.எஸ். 50. புத்தகத்திலோ கம்பெனியின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. பதிவான ஆண்டு மட்டும் 1974 என்று தெளிவாய்த் தெரிந்தது. டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து வெளிவந்ததே 1980-இல்தான். அவ்வாறாயின் 1974-இல் அது பதிவாவது எங்ஙனம்? 1972-இல் புனேயிலிருந்து வந்த லூனாவாக இருக்கலாமோ என்று மூத்த மகன் ஐயுற்றார். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தோம். தகட்டில் மோபெட்ஸ் இந்தியா, திருப்பதி என்ற எழுத்துகள் புலப்பட்டன. எண்களின்மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம். இரண்டும் புத்தகத்து எண்களோடு ஒத்திருந்தன. பெயர்தான் பின்னாளில் ஒட்டியது. வண்டி பழைய சுவேகாவே.

அதுகாறும் பேசாதிருந்த அம்மையார் புத்தகத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “தம்பி, வண்டி யார் செய்ததாயினும் ஆகட்டும். இதில் அவர் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும், நாங்கள் முதன்முதல் குடியிருந்த வீட்டு விலாசமும் இருக்கின்றன. இவ்வூருக்கு நாங்கள் வந்ததற்கு வேறு காகிதம் என்னிடம் இல்லை” என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நம்மவருள் பலர் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து மறைந்தவர்கள்; நிலப்பட்டாவோ வீட்டுப் பத்திரமோ அவர்கள் பெயரில் இல்லை. இங்கு எல்லைகளும் பலமுறை மாறின. 1953-இல் சித்தூர் மாவட்டம் சென்னை ராஜ்யத்தினின்று ஆந்திராவுக்குச் சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய புத்தகத்தில் ‘திருப்பதி, சித்தூர் மாவட்டம்’ என்றிருப்பதைக் கண்டு பிழையென்று எவரும் மயங்க வேண்டா. எழுதிய நாளில் அதுவே சரி. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன தெருவில் இருந்தார் என்று அரசு முத்திரையோடு கூறும் ஏடு எவ்வளவு அரியது!

அந்த வண்டியை இரும்புக்குப் போடவில்லை. சென்னைக்கும் அனுப்பவில்லை. பழைய வண்டிகளைச் செப்பனிடும் ஓர் இளைஞருக்கு விற்றனர். வண்டியை விற்றால் அசல் புத்தகமும் அதனோடு செல்ல வேண்டும், அதுவே சட்டம். எனவே எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, தேய்த்தெடுத்த எண்களின் தாளையும் உடன்வைத்து, அம்மையார் தம் பெட்டியில் பத்திரப்படுத்தியுள்ளார்.

அன்பர்கள் செய்ய வேண்டியது இதுவே. வீட்டில் பழைய வண்டி இருப்பின், விற்குமுன் எண்களைத் தாளில் எடுங்கள். தகட்டைத் துடைத்துப் படியுங்கள். பதிவுப் புத்தகத்தை முழுவதும் நகலெடுங்கள். பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். பின்னர் புதுப்பித்தாலன்றிச் சாலையில் ஓட்டலாகாது. உடையவர் காலமாகியிருப்பின், வாரிசின் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்க வேண்டும். அடியோடு உடைப்பதானால், போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்துப் பதிவை நீக்கிக்கொள்வது கடமை. இவற்றைச் செய்யாது கொடுத்துவிட்டால், நாளை அவ்வெண்ணில் நேரும் வழக்கு நம் வாசலுக்கே வரும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. சுவேகா உற்பத்தி நின்றுபோய் ஆண்டுகள் பலவாயின. அங்கே கடைசல் பிடித்தவர்கள், வண்ணம் பூசியவர்கள், கணக்கு எழுதியவர்கள் நம் குடும்பங்களில் இருப்பின் இப்போது அவர்கள் முதியோராய் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகே அமர்ந்து, எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் வெளிவந்தன என்று கேட்டு எழுதி, சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிப்பார்களாக. இரும்பில் பொறித்த எண்ணைத் தாளில் தேய்த்து எடுத்துவிடலாம். மனிதர் நினைவை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதினாலன்றிப் பெற வழியில்லை.