அடம் அன்று, அவதி

திருமண வீடு. மேளம் முழங்குகிறது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அலறுகிறான். கூடியிருப்போர் பார்வை முதலில் குழந்தையின் மீதும், அடுத்துத் தாயின் மீதும் விழுகிறது. “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்” என்கிறார் ஒருவர். “நாலு அடி வைத்தால் அடங்கிவிடுவான்” என்கிறார் மற்றொருவர். அடுத்த திருமணத்திற்கு அத்தாய் வருவதில்லை. சில மாதங்களில் கோவிலுக்கும் வருவதில்லை. குற்றமொன்றும் செய்யாத ஒரு குடும்பம் இவ்வாறு நம் நடுவிலேயே சிறையிருக்கிறது.

ஆட்டிசம் என்றும், தமிழில் மதியிறுக்கம் என்றும் இந்நிலையை அழைக்கின்றனர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இதனை விவரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று மருத்துவர் பலரும் நம்பினர். எத்தனை தாய்மார் அப்பழியைச் சுமந்து கண்ணீர் வடித்தனரோ! தாமே இத்தகைய மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாந்து என்னும் உளவியல் அறிஞர், 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். இது மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு என்பதும், வளர்ப்பினால் வருவதன்று என்பதும் இன்று ஐயமற நிலைபெற்றுவிட்டன. அறிஞர் கைவிட்ட அப்பழியை நம் தெருக்கள் இன்னும் கைவிடவில்லை என்பதே வருந்தத்தக்கது.

நமக்கு வெறும் ஓசையாக இருப்பது இக்குழந்தைக்கு வலியாக இருக்கலாம். ஒலிபெருக்கி, வெடிச்சத்தம், சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டு, கன்னத்தைக் கிள்ளும் உறவினரின் கை, முன்னறிவிப்பின்றி மாறிய வழி ஆகியவை ஒன்றுசேரும்போது அவனால் தாங்க இயலாது. அடம் பிடிக்கும் பிள்ளை, கேட்டது கிடைத்தால் ஓய்ந்துவிடும். இவனோ மிட்டாய் கொடுத்தாலும் அலறுவான். பார்ப்பதற்கு ஆளில்லாத தனியறையிலும் அலறுவான். அவனுக்கு அப்போது வேண்டியவை அமைதியும் இடமும் நேரமுமே. அடியும் அதட்டலும் எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பதாகும்.

பெற்றோரே, பிறர் தாமாகவே புரிந்துகொள்வர் என்று காத்திராதீர்கள். ஒரு பிள்ளையைப் போல் மற்றொரு பிள்ளை இராது. உங்கள் பிள்ளையை அறிந்தவர் நீங்களே. நோயின் வரலாறு முழுவதையும் எல்லார்க்கும் உரைக்கவேண்டியதில்லை. எது அவனை வருத்தும், எது அவனை ஆற்றும், அருகிலிருப்பவர் என்ன செய்யவேண்டும் என்னும் மூன்றை மட்டும் அரைத்தாளில் எழுதுங்கள். “பெயர் சொல்லி அழைத்தபின் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். விடைக்குச் சற்றுக் காத்திருங்கள். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தாதீர்கள்.” இவ்வளவு போதும். அத்தாளை ஆசிரியரிடமும், பள்ளி வண்டி ஓட்டுநரிடமும், பக்கத்து வீட்டாரிடமும் கொடுங்கள். பாட்டியோடும் தாத்தாவோடும் வாதிடுவதைவிட, அவர்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது நன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் பேரனை உலாவ அழைத்துச் செல்லட்டும். மெல்ல மெல்ல அவனை அறிந்துகொள்வர். அவன் எதிரிலேயே அவன் குறைகளைப் பிறரிடம் அடுக்குவது வேண்டாம். பேசாத பிள்ளைக்கும் செவி உண்டு, மனமும் உண்டு.

பள்ளியில் இடமில்லை என்று சொல்லப்பட்டால் மனம் தளராதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. அரசின் ஏற்புப் பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளை வேறுபாடு காட்டாது சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆணை.

மற்றவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. உற்று நோக்குவதை விடுவோம். கேளாத அறிவுரையையும் விடுவோம். “அம்மா, நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்பதே முதல் உதவி. கோவிலில் ஒலிபெருக்கிக்குத் தொலைவாகப் பக்கவாயிலருகே அக்குடும்பத்திற்கு இடம் ஒதுக்கலாம். பிள்ளை எழுந்து நடந்தால் முகம் சுளிக்காதிருக்கலாம். புதுநன்மை வாங்கவிருக்கும் பிள்ளைக்கு, ஆள் இல்லாத வேளையில் கோவிலைச் சுற்றிக் காட்டலாம். வசீகரம் செய்யப்படாத அப்பத்தைச் சுவைத்துப் பழகச் செய்யலாம். மாற்றுத்திறன் கொண்டோருக்கு அருட்சாதனங்களை எவரும் மறுக்கலாகாது என 2020இல் உரோமையிலிருந்து வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி ஏடு கூறுவதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்வார்களாக. திருவிழா வெடி எப்போது வெடிக்கும் என்பதை முந்திய நாளே அவ்வீட்டாருக்குச் சொல்லியனுப்ப, விழாக் குழுவினருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அன்பர்களே, உங்கள் தெருவில் இத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். இம்மாதம் ஒரு மாலைப்பொழுதில் அங்குச் சென்று, அப்பிள்ளையுடன் ஒருமணி நேரம் அமர்ந்திருங்கள். அந்த ஒருமணி நேரம் அவன் தாய் சற்றுக் கண்ணயரட்டும்.