நீங்கள் படித்தீர்களா?

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வருகிற வேண்டுகோள் இது: “பையன் ஆறாவது படிக்கிறான். எந்நேரமும் போன்தான். ஒரு நல்ல புக் சொல்லுங்களேன்.” ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிடும். குழந்தைகள் கட்டாயம் படிக்க வேண்டிய ஐம்பது நூல்கள் என்று எங்கிருந்தோ வந்த பட்டியலை ஒருவர் அப்படியே தள்ளிவிடுவார். இன்னொருவர் ‘அக்னிச் சிறகுகள்’ என்பார். பணம் சேர்க்கும் வழி சொல்லும் புத்தகத்தை மூன்றாமவர் எழுதுவார், பதினொரு வயதுப் பையனுக்கு! கேட்டவர் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போடுவார். ஆனால் “நீங்க அதைப் படிச்சீங்களா?” என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கிறேன். புத்தகத்தைப் பரிந்துரைப்பது சாட்சி சொல்கிற வேலை. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்க மனம் வராமல் உங்களைப் பிடித்து வைத்த பக்கம் எது, எந்த இடத்தில் சிரித்தீர்கள், எங்கே கண் கலங்கியது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவர் நீட்டுவது பட்டியல் மட்டுமே. பெரியவர் படிக்காத புத்தகத்தைத் தன் தலையில் கட்டுகிறார் என்பதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாம் தேடுவதிலேயே கோளாறு இருக்கிறது. பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்கிற புத்தகம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். கடைக்குப் போனதும் கை வேறு அலமாரிக்குப் போகிறது. இங்கிலீஷ் வளருமா, பொது அறிவு ஏறுமா, ஒழுக்கம் வருமா? இத்தனைக்கும் ஆமாம் என்கிற புத்தகமாகப் பார்த்து வாங்குகிறோம். அது மூன்றாம் நாளே பீரோ மேல் போய்விடுகிறது. பிறகு “எங்க வீட்ல புக்குக்குக் குறைச்சலே இல்ல, இவன்தான் தொட மாட்டேங்கிறான்” என்று சொந்தக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் படம் வந்ததும் ஐந்து பாகங்களையும் கட்டாக வாங்கிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு கொடுத்தவர்கள் பலர். அந்தக் கட்டின் கனத்தைப் பார்த்தே பிள்ளை மிரண்டிருக்கும். கல்கி அதைக் கட்டாகக் கொடுக்கவில்லையே! 1950-இல் தொடங்கி 1954 வரை தம் இதழில் வாரா வாரம் எழுதினார். அடுத்த இதழுக்காக வாசகர் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கதவு பாதி திறந்த நிலையிலோ, இருட்டில் யாரோ நிற்கிற நேரத்திலோ முடிகிறது. தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் ஒரு வாலிபன். அவன் யார், எங்கே போகிறான், மடியில் என்ன வைத்திருக்கிறான்? இப்படி இழுத்துக்கொண்டு போகிற கதையைத் தொடராகவே கொடுங்கள். முதல் பாகத்தை மட்டும் வெளியே எடுத்து, ராத்திரி ஓர் அத்தியாயம் நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு மூடிவிடுங்கள். “அப்புறம் என்னப்பா?” என்று கேட்டால், “நாளைக்கு” என்று சொல்லும் அளவுக்குக் கல்நெஞ்சம் வேண்டும். அவ்வளவுதான் உங்கள் வேலை.

உரக்க வாசித்துக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கிற நம் பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். ஒரு வரியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கினால் கதைக்குள் எப்படி இறங்குவது? ஆனால் அதே பிள்ளைக்குக் காதால் கேட்கும் தமிழ் நன்றாகவே புரிகிறது. அவர்கள் கண் பழகும்வரை உங்கள் வாயைக் கடன் கொடுங்கள். “இவளுக்குத் தமிழே வராதுங்க” என்று ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி சொல்லிக்கொள்வதை அதற்குள் நிறுத்திவிடுங்கள்.

வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காமல் இருங்கள். “இந்தக் கதையோட நீதி என்ன?” “இதிலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?” அம்புலிமாமாவில் வேதாளம் செய்ததும் இதுதான். கதையைச் சொல்லும், கடைசியில் கேள்வி கேட்கும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். விக்கிரமன் வாயைத் திறந்ததுமே அது முருங்கை மரத்தில் ஏறிவிடும். நம் வீட்டில் கேள்வி கேட்பது நாம், மரம் ஏறுவது பிள்ளை.

எந்தப் புத்தகம் யாருக்கு என்பதற்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு புத்தகமும் தனக்கான வாசகரைச் சேர வேண்டும் என்பது அடுத்தது. நம் ஐம்பது நூல் பட்டியல் இந்த இரண்டையும் மீறுகிறது. அதில் பிள்ளையின் முகமே இல்லை.

பேய், பனிமலை, காலடித் தடம் என்றால் கண் விரிகிற பையனா? ஜெயமோகனின் ‘பனி மனிதன்’ தினமணி சிறுவர் மணியில் தொடராக வந்த நாவல். இமயத்துக்குள் தேடிக்கொண்டு போகிற கதை என்பதால் அவன் நிறுத்த மாட்டான். அடிபட்ட தெருநாயைப் பார்த்தால் நகராமல் நிற்கிற பெண்ணா? எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் அவளுக்கு ‘யானை டாக்டர்’. டாப்ஸ்லிப் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதப்பட்டது. சுற்றுலா போனவர்கள் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் யானையின் காலை என்ன செய்கிறது என்று அதில் படித்த பிள்ளை, காட்டுக்குப் போனால் உங்கள் கையையும் கவனிக்கும். சிட்டுக்குருவி, கூடு, முட்டை என்று திரிகிற பிள்ளைக்கு கி.ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ இருக்கிறது. பொம்மையோடு பேசுகிற வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்ற கதை. தொடக்கூடாத இடத்தில் தொடுகிறவர்களைப் பற்றி வீட்டில் பேச நாம் கூச்சப்பட்டு விழுங்கும் விஷயத்தை ஒரு மரப்பாச்சி சொல்லிவிடுகிறது. இதை மட்டுமாவது முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் கேட்கும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. ஜப்பானில் 1981-இல் வந்த புத்தகம், தமிழிலும் கிடைக்கிறது. இதைப் பிள்ளையிடம் தள்ளுவதற்கு முன் நீங்கள் படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது பெற்றோருக்கும்தான். சிறுமி டோட்டோ-சான் முதல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட செய்தியை அவள் அம்மா, மகளுக்கு இருபது வயது தாண்டும்வரை சொல்லவே இல்லை. புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் முதல் நாளிலேயே நான்கு மணி நேரம் அந்தச் சிறுமி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாமோ மதிப்பெண் அட்டையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்தே பிரிக்கிற ஆட்கள்.

காமிக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், அப்பாக்கள் கொஞ்சம் கவனிக்க. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பியது. கையில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும் அந்தக் கதையை வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த தலைமுறை எது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள்தான் பிற்பாடு சாண்டில்யனுக்கும் சுஜாதாவுக்கும் போனார்கள். இன்று மகன் காமிக்ஸ் கேட்டால் “படம் பார்க்கறதெல்லாம் படிப்பா?” என்கிறீர்கள். வாங்கிக் கொடுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடவும், பிடித்ததைப் பத்துத் தடவை படிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. நீங்கள் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்ட சீரியல்கள் எத்தனை?

காசில்லை என்கிற பேச்சும் எடுபடாது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். கட்டிவிட்டு, கிளை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கிறோம். சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மால் ஏசிக்காகப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை இங்கே கொடுங்கள். அலமாரி முன்னால் பிள்ளையை விட்டுவிட்டு நகர்ந்து நில்லுங்கள். “அது வேணாம், இதை எடு” என்று பின்னாலேயே போகாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது, அதை நாம் நினைப்பதே இல்லை. பிள்ளைகளும் நமக்குப் புத்தகம் சொல்வார்கள். “அம்மா, இத நீ படிச்சே ஆகணும்” என்று ஒரு நாள் எதையாவது நீட்டுவார்கள். அது உங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆனாலும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் மறுநாள் காலையில் “எதுவரைக்கும் வந்திருக்க?” என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் “நேரமே இல்லடா” என்று சொன்னால், அடுத்த வாரம் அவர்கள் உங்கள் புத்தகத்துக்கும் அதையே சொல்வார்கள். குறை சொல்ல உங்களுக்கு வாயிருக்காது.