ஊர்ச் சரித்திரமும் பொது நூலகமும்

நூலகம் என்றவுடன் நம்மனோர் நினைவில் எழுவன அச்சிட்ட புத்தகங்களே. அவற்றை வாங்கி அடுக்கி வேண்டுவோர்க்கு வழங்குதல் நூலகத்தின் தலையாய கடமை என்பதில் ஐயமில்லை. எனினும், ஓர் ஊரின் பொது நூலகத்துக்குப் பிறிதொரு கடமையும் உண்டு. எந்த நகரத்திலும் விலைகொடுத்து வாங்கத்தக்க நூல்களை வைத்திருப்பது ஒன்று. அவ்வூரிலன்றி வேறெங்கும் பெறலாகாத எழுத்துக்களைக் காத்துவைப்பது மற்றொன்று. சேக்சுபியர் நாடகம் எரிந்துபோனால் மறுமாதமே இன்னொரு பிரதி வாங்கலாம். ஒரு கிராமத்து வாசிகசாலையின் கூட்டக் குறிப்பேடு எரிந்துபோனால் அக்கிராமத்தின் ஐம்பதாண்டுச் செய்தி அதனுடன் போயிற்று.

இப்பின்னையதையே ஊர்ச் சரித்திரத் தொகுதி என்கின்றோம். இதனை நூலகத்தார் மாத்திரம் முயன்று திரட்டல் இயலாது. வீடுகளிலுள்ள பெட்டகங்கள் திறக்கப்படல் வேண்டும். திரட்டியதும் ஒரு கூரையின்கீழ் மாத்திரம் இருத்தலாகாது. இதுவே நம் கருத்து. இதனை நம் கல்லூரியின் விழாமலரில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம், அத்தகைய எழுத்துக்களிற் பெரும்பகுதி இம்மலரைக் கையில் வைத்திருப்போர் வீடுகளிலேயே கிடப்பதாகும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசாங்கம் தந்த கொடையன்று. திரு. க. மு. செல்லப்பா அவர்கள் யாழ்ப்பாணத்தில் இலவசத் தமிழ் நூலகமொன்று வேண்டுமென 1933 இல் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்துத் தம் இல்லத்திலேயே நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார். மறுவருடம் ஆவணி முதலாந் தேதி ஆசுபத்திரி வீதியில் வாடகை அறையொன்றிலே 844 நூல்களுடன் அது திறக்கப்பட்டது. அந்நூல்களிற் பல ஊரார் அலுமாரிகளிலிருந்து வந்தவை. பின்னர் வண. பிதா லோங் போன்ற பெரியார் முயன்றும், நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை கூறியும், 1954 இல் அடிக்கல் நாட்டி 1959 இல் திறந்த மாளிகை எழுந்தது. மாளிகை எழுந்தபின் ஏடுகளும் பழம் பத்திரிகைகளும் அறிஞர்களின் சொந்தத் தொகுதிகளும் அங்கே வந்து சேர்ந்தன. கொடுத்தவர்கள் தம் வீட்டிலும் அது பாதுகாப்பான இடமென்று நம்பியே கொடுத்தார்கள்.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் தேதி இரவு அது எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அன்று நாம் பிறந்திருந்தோமில்லை; ஆகவே அந்த அலுமாரிகளைக் கண்டவராகப் பேசும் உரிமை நமக்கில்லை. ஆயினும் அத்தீயைப்பற்றி மேடைகளிற் பேசப்படும் ஒரு செய்தியைத் திருத்துதல் தமிழாசிரியர்க்குக் கடனாகின்றது. ‘யாழ்ப்பாண வைபவமாலை உலகிலேயே ஒரு பிரதிதான் இருந்தது, அதுவும் எரிந்தது’ என்று கூறுவாருளர். அங்கிருந்த ஏட்டுப்பிரதி எரிந்தமை பேரிழப்பே. எனினும், ஒல்லாந்த அதிகாரியான மேக்கறூன் கேட்டுக்கொண்டதற்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 ஆம் ஆண்டளவிற் செய்த அந்நூல் அழிந்துவிடவில்லை. பிறிற்றோ என்பார் 1879 இல் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார், குல. சபாநாதன் அவர்கள் தமிழ் மூலத்தைப் பதிப்பித்தார்கள். இன்றும் நம் மாணவர் எவரும் அதனை வாசிக்கலாம்.

இதைச் சொல்வது தீயைச் சிறிதாக்குவதற்கன்று. எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை, ஏன் என்று ஆராய்ந்தாலன்றி இனிச் செய்யவேண்டியது புலப்படாது. மயில்வாகனப் புலவர் தாம் ஆதாரமாகக் கொண்ட நூல்களென நான்கினைக் குறிக்கின்றார்: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முன்னிரண்டும் அச்சேறின, நம் கையில் உள்ளன. பின்னிரண்டும் இன்று இல்லை. அவற்றை எந்தச் சேனையும் கொளுத்தியதாகச் செய்தியில்லை. படியெடுப்பாரின்றி, எந்த வீட்டுப் பரணிலோ, எந்தக் கறையானுக்கோ அவை இரையாயிருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் விசயதசமியன்று குழந்தைக்கு ஏடு தொடக்குகின்றோம். சரசுவதி பூசையில் ஏட்டுக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டுகின்றோம். பூசை முடிந்ததும் அதனைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 இல் அச்சிற் கொணர்ந்தது, ஏட்டைத் தொழுததோடு அமையாமல் வாசித்தும் ஒப்புநோக்கியும் உழைத்தமையாலன்றோ?

அச்சுநூல்கள் பிழைத்தமைக்கும் ஒரு காரணம் உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களைப் பதிவுசெய்து அவற்றின் படிகளைப் பாதுகாத்தற்கெனச் சட்டமொன்று 1885 இல் இயற்றப்பட்டது. அச்சியந்திரசாலையார் அதனை ஒரு தொல்லையாகவே எண்ணியிருப்பர். ஆயினும் படிகள் வேறிடத்துக்கும் சென்றமையால், இங்கே அழிந்த நூலொன்றை அங்கே தேடிப் பெற வழியுண்டாயிற்று. உதயதாரகை 1841 இலும், இந்து சாதனம் 1889 இலும், ஈழகேசரி 1930 இலும் தோன்றின. இவற்றின் தொகுதிகள் பலவிடங்களிற் சிதறிக் கிடந்தமையே அவற்றுக்குக் காப்பாயிற்று.

இனி, இச்சட்டத்துக்கும் நூலகத்துக்கும் ஒருங்கே தப்பிய எழுத்துக்களைப்பற்றிச் சொல்லவேண்டும். முதலாவது கல்வெட்டு. சாசனவியலார் கூறும் கல்லெழுத்தன்று. இறந்தார்க்கு முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகத்தையே நம் நாட்டார் அப்பெயரால் அழைப்பர். தமிழாசிரியர்க்குக் கல்வெட்டுப் பாடிக்கொடுக்கும் ஊழியமும் உண்டாதலின் அதன் உள்ளமைப்பை நாம் நன்கறிவோம். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்னும் பகுதிகள் பெரும்பாலும் ஒருவர்க்குப் பாடியதே மற்றவர்க்கும் பெயர்மாறி வருவன. கவிதை என்ற அளவில் அவற்றைக் காத்து வைக்கச் சொல்ல நாம் துணியோம்! ஆனால் புலம்பலுக்கு முன்னே நிற்கும் பக்கங்களை நோக்குக. திதி வெண்பா இறந்த ஆண்டையும் மாதத்தையும் பக்கத்தையும் திதியையும் ஐயமறக் கூறும். வமிச வரலாறு இன்னார் மகள் இன்ன ஊரில் இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என மூன்று நான்கு தலைமுறையைத் தரும். சரித்திரச் சுருக்கம் அவர் எந்தப் பள்ளியிற் படித்தார், மலாயாவிற் புகையிரதப் பகுதியில் எத்தனை ஆண்டு உத்தியோகம் பார்த்தார், தென்னிலங்கையில் எவ்வூரிற் சுருட்டுக்கடை வைத்தார், திரும்பி வந்து எந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்றெல்லாம் கூறும். ஒரு கிராமத்தின் கல்வெட்டுக்கள் நூறு ஒருங்கு கிடைத்தால், எந்த ஆண்டில் அவ்வூரார் கடல் கடந்தனர், எந்தத் தலைமுறையிற் பெண்கள் கல்விபெற்றனர், அம்மை எப்போது வந்தது என்று அறியலாகும். இவற்றை எழுதிய சரித்திராசிரியர் ஒருவருமில்லை. முத்துத்தம்பிப்பிள்ளை 1912 இலும், முதலியார் இராசநாயகம் 1926 இலும் எழுதியவை பெரும்பாலும் அரசரின் சரித்திரம். கல்வெட்டிலே இருப்பது ஊராரின் சரித்திரம்.

அச்சடித்த முப்பத்தோராம் நாள் ஐந்நூறு பிரதி வழங்குவர். ஐந்தாண்டு கழித்துத் தேடினால் அவ்வீட்டிலேயே ஒன்று கிடைப்பது அரிது.

இவ்வாறே கல்லூரிச் சஞ்சிகைகளும். அதிபர் அறிக்கை, பரீட்சைப் பெறுபேறு, துடுப்பாட்டக் கணக்கு ஆகியவற்றைத் தேடிப் பழைய இதழ்களைப் புரட்டுவாருளர். நமக்கோ அவற்றின் கடைசிப் பக்கங்களிலுள்ள விளம்பரங்களிலே தனி விருப்பம். எந்தக் கடை எந்த வீதியில் இருந்தது, என்ன விற்றது என்பதை அறிய அவற்றினும் நல்ல சான்று இல்லை. சஞ்சிகைக்குக் கட்டடம் கட்டுபவர் முதலிற் கிழித்தெறிவதும் அப்பக்கங்களையே! கோயிற் கொடியேற்ற விஞ்ஞாபனங்கள், நாடக நோட்டீசுகள், வாசிகசாலை வரவு செலவு, கூட்டுறவுச் சங்கப் பேரேடு, பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிய மழைக்குறிப்பு, காணி உறுதி என்று இன்னும் விரியும்.

வீடுகளில் இருந்தவையும் பெரும்பாலும் போயின என்பதை மறைப்பதற்கில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோரும், 1995 ஐப்பசியில் ஓரிரவில் வலிகாமத்தையே விட்டு நடந்தோரும் உறுதியையும் அடையாள அட்டையையும் பரீட்சைச் சான்றிதழையும் எடுத்தார்களேயன்றிப் பாட்டனாரின் சஞ்சிகைகளை எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. மீண்டு வந்தபோது கூரையற்ற வீட்டில் மழையிற் கரைந்து கிடந்த காகிதத்தை நம் தலைமுறையார் பலர் கண்டிருக்கின்றனர். அதற்கும் தப்பியவை இப்போது வேறொரு வழியாற் போகின்றன. வீடு விற்கப்படுகின்றது, பிள்ளைகள் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருக்கின்றனர், அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, வீட்டைத் துப்புரவாக்க வந்தவர் பெட்டகத்தை விலைக்கு எடுத்து உள்ளிருந்ததைக் கொளுத்திவிடுகின்றார்.

‘ஒருமுறை கொடுத்தோம், எரிந்தது. மறுபடியும் அங்கேயே கொடுப்பதா?’ என்று முதியவர் கேட்பர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. எரிந்த நூலகத்துக்கு மறுவருடமே மக்கள் நூல்கள் திரட்டிக் கொடுத்தனர்; 1984 இல் ஒரு பகுதி திறக்கப்பட்டுப் போரில் மீண்டும் பாழாயிற்று; புதுக்கிய கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாசகருக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் பெட்டகத்தில் வைத்திருப்பது அதனினும் பாதுகாப்பு என்பார்க்கு மேற்சொன்னவற்றையே விடையாகக் கூறுவோம். மூலம் நூலகத்துக்குச் செல்க. அதன் படி கல்லூரியில் இருக்க. மற்றொரு படி கடலுக்கப்பால் இருக்க.

‘கணினியிற் பதிந்தாற் போதுமே, பழங்காகிதம் எதற்கு?’ என்பார் இளைஞர். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துக்களைப் படம்பிடித்து எவரும் வாசிக்க வைத்திருப்பது நம் காலத்தின் பெருந்தொண்டு. அதனைப் போற்றாதார் இலர். ஆனால் பதிவு இன்னொரு படியேயன்றி மூலமாகாது. உறுதியின் முத்திரையையும், ஏட்டின் இடுக்கில் வேறொரு கை கீறிய எழுத்தையும் ஐயுற்றுப் பார்க்கவேண்டியவன் மூலத்தையே நாடுவான்.

மூன்றாவது தடை வெளியே சொல்லப்படுவதில்லை. உறுதியிலும் கடிதத்திலும் சாதிப் பெயரும், சீதன வழக்கும், அடிமை ஆட்சிபற்றிய சொற்களும் இருக்கும். குடும்பத்தார் கூசுகின்றனர். கூசுதல் இயல்பு. எரித்துவிடுதல் அதற்குப் பரிகாரமன்று. இத்தனை ஆண்டு கழியுமட்டும் எவரும் பிரிக்கலாகாது என்று நிபந்தனை எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கலாம்; அந்நிபந்தனையை ஏற்று எழுத்திற் கொடாத நூலகத்துக்கு ஒன்றும் கொடுக்கவேண்டாம்.

மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை சொல்வோம். வருகின்ற விடுமுறையில் இருவர் இருவராக ஒரு கொப்பியும் பென்சிலுங் கொண்டு தம் ஊர் வீடுகளுக்குச் செல்க. ஒன்றையும் கேட்டு வாங்கவேண்டாம். என்ன இருக்கின்றது, எவ்வளவு, யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டு வந்தாற் போதும். ஏட்டுக்கட்டின் கயிற்றை அவிழ்க்கற்க. உறுதியை லமினேற் செய்ய எண்ணியிருப்போரைத் தடுத்துவிடுக. வெப்பத்தால் ஒட்டிய உறையைப் பின்னர்க் கழற்ற முடியாது. எழுதிய பட்டியலில் மூன்று படி எடுத்து ஒன்றைக் கல்லூரி நூலகரிடம் ஒப்புவிக்க. முதலிற் செல்லவேண்டியது எண்பது வயதைக் கடந்த நம் பழைய மாணவர் வீடுகளுக்கு. அவர்கள் சுவரில் தொங்கும் வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் இன்னார் என்று சொல்லத்தக்கவர் இப்போது அவரொருவரே.